வங்கி ஏலத்தில் ஜெயித்துவிட்டுப் பின்வாங்கினால் என்ன ஆகும்?

12 கோடியே 27 லட்சம் ரூபாய்க்கு ஒரு சொத்தை வங்கி ஏலத்தில் எடுத்தார் ஒருவர். அதில் கால் பங்கான 3 கோடியே 6 லட்சத்து 75 ஆயிரத்தைக் கட்டினார். மீதியைக் கட்ட முடியவில்லை. வங்கி அந்த விற்பனையை ரத்து செய்து, அதே சொத்தை மறுபடி ஏலம் விட்டது. இந்த முறை 14 கோடியே 76 லட்சத்துக்குப் போனது. வங்கிக்கு நஷ்டம் இல்லை, கூடுதலாகவே கிடைத்தது. அப்படியானால் முதலில் எடுத்தவரின் 3 கோடி திரும்பி வர வேண்டாமா?

வராது என்று 2024 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சென்ட்ரல் பேங்க் ஆஃப் இந்தியா தொடுத்த மேல்முறையீடு அது. சென்னையிலிருந்து போன வழக்கு. கடன் வசூல் தீர்ப்பாயம், மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், சென்னை உயர் நீதிமன்றம் என்று கீழே இருந்த எந்தப் படியும் முழுத் தொகையையும் வங்கி வைத்துக்கொள்வதை ஏற்கவில்லை. உச்ச நீதிமன்றம் ஏற்றது.

இதைக் கேட்டவர்களுக்கு வரும் சந்தேகம் நியாயமானதுதான். ஒப்பந்தத்தை மீறினால் எதிராளிக்கு ஏற்பட்ட நஷ்டத்தைத் தானே ஈடுகட்டச் சொல்வார்கள்? நஷ்டமே இல்லாதபோது மூன்று கோடி எதற்கு? இதற்குப் பதில் தெரிய, வங்கி ஏலம் எந்தச் சட்டத்தில் நடக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

மூன்று வகை ஏலம், மூன்று வகைச் சட்டம்

வெளியில் இருந்து பார்த்தால் எல்லா ஏலமும் ஒன்றுபோலவே இருக்கும். விலை கேட்கிறார்கள், அதிகம் கேட்டவருக்குப் போகிறது. ஆனால் பின்வாங்கினால் என்ன என்ற கேள்விக்கு ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பதில்.

1. பொருள்களுக்கான தனியார் ஏலம். 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64-வது பிரிவு பொருந்தும். ஏலம் விடுபவர் சுத்தியலைத் தட்டியோ, வழக்கமான வேறு முறையிலோ முடிந்தது என்று அறிவிக்கும்வரை விலை கேட்டவர் அதைத் திரும்பப் பெறலாம். அறிவித்தபின் அது ஒப்பந்தம். மீறினால் ஒப்பந்தச் சட்டத்தின் 73, 74-வது பிரிவுகளின்படி இழப்பீடு.

2. நீதிமன்ற ஏலம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 21-வது கட்டளைப்படி நடப்பது. இங்கும் 25 சதவீதம் உடனே, மீதி 15 நாளில். கட்டத் தவறினால், நீதிமன்றம் சரியென்று கருதினால் செலவு போக முன்பணத்தைப் பறிமுதல் செய்யலாம். ‘கருதினால்’ என்ற சொல் அங்கே இருக்கிறது. அதே சமயம் மறு ஏலத்தில் விலை குறைந்தால் அந்த வித்தியாசத்தையும் தவறியவரிடம் வசூலிக்க வழி உண்டு.

3. வங்கி ஏலம். கடனைக் கட்டாதவரின் அடமானச் சொத்தை வங்கி நீதிமன்றம் போகாமலே விற்பது. 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டமும் அதே ஆண்டில் வந்த பிணைய உரிமை அமலாக்க விதிகளும் இதை ஆள்கின்றன. நாளிதழ்களில் பக்கம் பக்கமாக வரும் இ-ஏல அறிவிப்புகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். பொதுத்துறை வங்கிகளின் சொத்துகள் பேங்க்நெட் தளத்தில் ஏலத்துக்கு வருகின்றன.

ஆன்லைனில் செய்ததால் கையெழுத்து இல்லையே, அது எப்படிக் கட்டுப்படுத்தும் என்று சிலர் கேட்பதுண்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10அ பிரிவு இதற்கு நேரடியாகப் பதில் சொல்கிறது. மின்னணு வழியில் உருவானது என்ற ஒரே காரணத்தால் ஒப்பந்தம் செல்லாமல் போகாது.

நாள் கணக்கு ஓடும் விதம்

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு வீட்டுக்கு வங்கி வைத்த ரிசர்வ் விலை, அதாவது குறைந்தபட்ச விலை, 60 லட்சம். ஏலத்தில் கலந்துகொள்ள முன்வைப்புத் தொகை, அதாவது இஎம்டி, வழக்கமாகப் பத்து சதவீதம்: 6 லட்சம். ஏலம் குறிப்பிட்ட நேரத்தில் முடிய வேண்டும். ஆனால் கடைசி ஐந்து நிமிடத்தில் யாராவது விலை ஏற்றினால் இன்னும் ஐந்து நிமிடம் தானாக நீளும் என்பது பல ஏலங்களில் உள்ள நிபந்தனை. இந்த நீட்டிப்பில்தான் ஆட்கள் திட்டமிட்டதைவிட மேலே போவார்கள். நம் ஆள் 72 லட்சத்தில் ஜெயிக்கிறார். அப்புறம் நடக்க வேண்டியவை:

1. அன்றே, அல்லது அடுத்த வேலை நாளுக்குள், 72 லட்சத்தில் கால் பங்கான 18 லட்சம் வங்கியிடம் இருக்க வேண்டும். ஏற்கெனவே கட்டிய 6 லட்சம் இதில் சேரும். ஆக, ஒரே நாளில் புரட்ட வேண்டியது 12 லட்சம். இது பிணைய உரிமை அமலாக்க விதிகளில் 9(3).

2. வங்கி விற்பனையை உறுதி செய்ததிலிருந்து 15-வது நாளுக்குள் மீதி 54 லட்சம். இது விதி 9(4). நாள் எண்ணுவது ஏலம் முடிந்த தேதியிலிருந்து அல்ல, உறுதி செய்த தேதியிலிருந்து. ஆனால் பல வங்கிகள் அந்தக் கடிதத்தை ஓரிரு நாளில் கொடுத்துவிடுவதால் பெரிய வித்தியாசம் இருக்காது.

3. அவகாசம் வேண்டுமானால் வங்கியும் எடுத்தவரும் எழுத்துப்பூர்வமாக ஒப்புக்கொள்ள வேண்டும். அப்படியும் மூன்று மாதத்தைத் தாண்டக் கூடாது. கிளை மேலாளர் போனில் ‘பார்த்துக்கலாம் சார்’ என்று சொன்னது அவகாசம் ஆகாது.

மூன்றாவது அம்சத்தில் நிறைய பேர் தடுக்கி விழுகிறார்கள். அவகாசம் என்பது கேட்டால் கிடைத்தாக வேண்டிய உரிமை அல்ல. வங்கி மறுக்கலாம். 2023 ஏப்ரலில் பாரத ஸ்டேட் வங்கி தொடர்பான இன்னொரு தமிழ்நாட்டு வழக்கிலும் உச்ச நீதிமன்றம் வங்கியின் பறிமுதலையே நிலைநிறுத்தியது. மேலே சொன்ன 12.27 கோடி வழக்கில் வங்கி அவகாசம் கொடுக்கத்தான் செய்தது. 2016 டிசம்பரில், பணமதிப்பிழப்பு அறிவிக்கப்பட்ட அடுத்த மாதம் நடந்த ஏலம் அது. பணப் புழக்கம் முடங்கியது, கடன் கிடைக்கவில்லை என்று எடுத்தவர் சொன்ன காரணங்களைக் கேட்டு, 2017 மார்ச் வரை விட்டுக்கொடுத்தார்கள். அதற்குள்ளும் பணம் வரவில்லை.

பொதுவாகவே வங்கிக் கடனை நம்பி இந்த ஏலத்தில் இறங்குவது ஆபத்து. 15 நாளில் சட்டக் கருத்து, மதிப்பீடு, ஒப்புதல் எல்லாம் முடிந்து பணம் கைக்கு வருவது அரிது. சுவாதீனம் கைமாறாத சொத்துக்குக் கடன் தர மற்ற வங்கிகள் தயங்கவும் செய்யும். கடன் ஒப்புதல் கையில் இருந்தால்தான் விலை கேட்கலாம். ஏலம் எடுத்த பிறகு கடன் தேடுவது தலைகீழ் வேலை.

முழுப் பணமும் போவது ஏன்?

விதி 9(5) சொல்வது இதுதான்: உரிய காலத்தில் மீதியைக் கட்டாவிட்டால் முன்பணம் பறிமுதல் ஆகும், சொத்து மறுபடி விற்கப்படும், தவறியவருக்குச் சொத்திலும் உரிமை இல்லை, மறு விற்பனையில் வரும் பணத்திலும் பங்கு இல்லை. நீதிமன்ற ஏலத்தில் உள்ள ‘சரியென்று கருதினால்’ இங்கே இல்லை. ‘பறிமுதல் ஆகும்’ என்று கட்டாயமாகவே இருக்கிறது.

உச்ச நீதிமன்றம் பிடித்த நூல் இதுதான். ஒப்பந்தச் சட்டத்தின் 73, 74-வது பிரிவுகள் இரு தரப்பு தங்களுக்குள் போட்டுக்கொண்ட ஒப்பந்தம் முறியும்போது வருபவை. இங்கே பறிமுதல் என்பது ஒப்பந்தத்தின் விளைவு அல்ல, சட்டமே விதித்த விளைவு. ஆகவே நஷ்டம் எவ்வளவு என்று வங்கி நிரூபிக்க வேண்டியதில்லை. மறு ஏலத்தில் லாபம் வந்ததா என்பதும் பொருட்டல்ல.

அதற்கு நீதிமன்றம் தந்த நடைமுறைக் காரணமும் கவனிக்கத்தக்கது. முன்பணம் திரும்ப வரும் என்று தெரிந்தால், கடன்காரரே, அதாவது கடன் வாங்கிக் கட்டாதவரே, தன் ஆளை வைத்து ஏலத்தில் விலையை உயர்த்தி எடுக்க வைத்து, பிறகு பணம் கட்டாமல் விட்டு, விற்பனையை மாதக்கணக்கில் இழுத்தடிக்கலாம். கால் பங்குப் பணம் போய்விடும் என்ற பயம்தான் அதைத் தடுக்கிறது. இந்த வாதத்தை மறுக்க முடியாது. ஆனாலும் 72 லட்ச ரூபாய் வீட்டை எடுத்து, கடன் கிடைக்காமல் தவறும் குடும்பத்துக்கும், சொத்து வியாபாரிக்கும், பினாமிக்கும் ஒரே தண்டனை என்பது உறுத்தவே செய்கிறது. விதியை மாற்றினால்தான் அது மாறும்.

ஒரு நுணுக்கம். விதி 9(5) பேசுவது மீதிப் பணத்தைக் கட்டத் தவறுவதைப் பற்றி. 25 சதவீதத்தையே கட்டாதவருக்கு விதி 9(3) சொல்வது, சொத்து மறுபடி விற்கப்படும் என்பது மட்டுமே. அவருடைய 6 லட்சம் இஎம்டி போவது பெரும்பாலும் ஏல நிபந்தனைகளில் அப்படி எழுதியிருப்பதால். ஆகவே அந்தக் கட்டத்தில் தகராறு வந்தால் நிபந்தனைத் தாளின் வாசகத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 18 லட்சம் கட்டியபின் தவறினால் விதியே போதும்.

ஒரு பூஜ்யம் கூடுதலாகத் தட்டிவிட்டேன், விலையேற்றத் தொகையைத் தவறாகத் தேர்ந்துவிட்டேன் என்ற வாதங்களும் அவ்வளவாக எடுபடாது. ஒரு தரப்பு மட்டும் செய்த தவறுக்காக ஒப்பந்தம் ரத்தாகாது என்பது ஒப்பந்தச் சட்டத்தின் 22-வது பிரிவு. போட்ட விலையைத் திரும்பப் பெற முடியாது என்று ஏல நிபந்தனைகளிலும் வழக்கமாக இருக்கும்.

விதிவிலக்கு உண்டா?

உண்டு, ஆனால் இடுக்கு வழி. 2021-இல் இந்தியன் வங்கி தொடர்பான ஒரு வழக்கில், கொரோனா காலத்தில் மீதியைக் கட்ட முடியாதவருக்கு 25 சதவீதத்தைத் திருப்பித் தர உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டது. சொத்தும் பிறகு கூடுதல் விலைக்குப் போயிருந்தது. ஆனால் 2024 தீர்ப்பு இதை அந்தச் சூழ்நிலைக்கு மட்டுமான உத்தரவாகத்தான் பார்க்கிறது. பணக்கஷ்டம், கடன் மறுப்பு, சந்தை மந்தம் போன்ற காரணங்களுக்கு இதை மேற்கோள் காட்டிப் பயனில்லை.

உண்மையில் பலம் உள்ள வாதம் வேறு: தவறு வங்கியுடையது என்பது. ஏல அறிவிப்பில் தனக்குத் தெரிந்த வில்லங்கங்களை வங்கி சொல்லியாக வேண்டும் என்கிறது விதி 8. நிலுவையில் உள்ள வழக்கை, இன்னொரு உரிமை கோரலை, தெரிந்தும் மறைத்துவிட்டு விற்றிருந்தால், பணம் கட்டாததற்கு எடுத்தவரை மட்டும் குறை சொல்ல முடியாது. ஏலத்துக்கு முன் கடன்காரருக்குத் தர வேண்டிய நோட்டீஸில் குறை இருந்து விற்பனையே ரத்தானாலும் எடுத்தவரின் பணம் திரும்ப வர வேண்டியதுதான். முதல் ஏலத்துக்கு 30 நாள், அது தோற்று மறுபடி விட்டால் 15 நாள் நோட்டீஸ் தர வேண்டும் என்பதால், அறிவிப்பின் தேதிகளை விலை கேட்கும் முன்பே எண்ணிப் பார்த்துவிடுவது நல்லது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. கடன்காரர் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டிருக்கிறார், அது முடியட்டும், பிறகு கட்டுகிறேன் என்று எடுத்தவர் காத்திருப்பார். வழக்கு நிலுவையில் இருப்பது மட்டும் 15 நாள் கெடுவை நிறுத்தாது. தடையாணை இல்லாத வரை நாள் ஓடிக்கொண்டேதான் இருக்கும். கட்டாமல் காத்திருந்தால் தவறியவர் என்ற கணக்கில் வந்துவிடுவார்.

கடன்காரர் திரும்பி வந்தால்

ஏலம் முடிந்த பின்னர் கடன்காரர் முழுப் பணத்தோடு வந்து நின்றால்? முன்பு அவருக்கு நிறைய இடம் இருந்தது. சர்ஃபாசி சட்டத்தில் 2016-இல் திருத்தப்பட்ட 13(8) பிரிவு அதைச் சுருக்கியது. ஏல அறிவிப்பு வெளியாவதற்கு முன் முழு நிலுவையையும் கட்டினால்தான் சொத்தை மீட்க முடியும்.

இதன் வீச்சு 2023 செப்டம்பர் 21 அன்று வந்த செலிர் வழக்கில் தெரிந்தது. யூனியன் வங்கி விட்ட ஏலத்தில் செலிர் நிறுவனம் 105.05 கோடிக்குச் சொத்தை எடுத்து முழுப் பணத்தையும் கட்டிவிட்டது. அதன்பின் கடன்காரரான பாஃப்னா மோட்டார்ஸ் 129 கோடி தந்து மீட்க முன்வர, மும்பை உயர் நீதிமன்றம் அனுமதித்தது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, விற்பனைச் சான்றிதழை செலிருக்கே தரச் சொன்னது. ஆனால் இலவசமாக அல்ல: கடன்காரர் தர முன்வந்த தொகைக்கு ஈடாக, கூடுதலாக 23.95 கோடியை செலிர் கட்ட வேண்டியிருந்தது. அதோடும் முடியவில்லை. சொத்து கைக்கு வராததால் நீதிமன்ற அவமதிப்பு மனு போட்டு, 2024 டிசம்பரில் இன்னொரு தீர்ப்பு வாங்க நேர்ந்தது.

2025 செப்டம்பரில், சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து சென்ற கே.பி.கே. ஆயில்ஸ் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் ஏலம் எடுத்தவர்கள் பக்கமே நின்றது. சட்டப் பிரிவும் விதிகளும் ஒன்றோடொன்று பொருந்தாமல் இருப்பதைச் சரிசெய்ய நிதி அமைச்சகம் கவனிக்க வேண்டும் என்றும் சொன்னது.

‘உள்ளது உள்ளபடி’ என்ற மூன்று வரி

எந்த ஏல அறிவிப்பை எடுத்தாலும் கீழே பொடி எழுத்தில் இருக்கும்: இருக்கும் இடத்தில், இருக்கும் நிலையில், உள்ளது உள்ளபடி. இதற்கு என்ன விலை என்பதை 2023 மே 19 அன்று வந்த கே.சி. நினான் வழக்கு காட்டியது. பழைய உரிமையாளர் வைத்த மின் கட்டண பாக்கியைப் புதிதாக ஏலம் எடுத்தவர் கட்ட வேண்டுமா என்பது கேள்வி. கேரள மின் வாரியம் உட்படப் பல மாநில மின் நிறுவனங்களின் வழக்குகளை ஒன்றாக விசாரித்த உச்ச நீதிமன்றம், அந்தந்த மின் விநியோக விதிகள் அப்படிச் சொன்னால் புதிய இணைப்புக்கு முன் பாக்கியைக் கேட்கலாம் என்றது. ‘உள்ளது உள்ளபடி’ என்று சொல்லித்தான் விற்றார்கள், விசாரித்திருக்க வேண்டியது எடுத்தவர்தான் என்பது அதன் சாரம். பூட்டிக் கிடக்கும் மில், கல்யாண மண்டபம் போன்றவற்றில் இந்த பாக்கி லட்சக்கணக்கில் இருக்கும். சொத்து வரி, குடிநீர் வரி, அடுக்குமாடிப் பராமரிப்புத் தொகை எல்லாவற்றையும் இதே கண்ணால் பார்க்க வேண்டும்.

இதைவிடப் பெரிய தலைவலி சுவாதீனம். அறிவிப்பில் ‘குறியீட்டு சுவாதீனம்’ என்றிருந்தால், வங்கி கதவில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான். உள்ளே கடன்காரரோ வாடகைதாரரோ இருப்பார். அவரை வெளியேற்ற சர்ஃபாசி சட்டத்தின் 14-வது பிரிவில் மாவட்ட ஆட்சியரிடமோ தலைமை நீதித்துறை நடுவரிடமோ வங்கி மனு கொடுக்க வேண்டும். 30 நாளில் உத்தரவு, நீட்டித்தால் மொத்தம் 60 நாள் என்று சட்டத்தில் இருக்கிறது. அந்தக் கெடு தவறினால் யாருடைய முன்பணமும் பறிமுதல் ஆவதில்லை. எடுத்தவருக்கு ஒரு நாள் தவறினால் கால் பங்கு போகும். சாவி தர வங்கிக்கு ஒரு வருடம் ஆனாலும் விதிகளில் அதற்கென்று தண்டனை இல்லை. இந்த ஏற்றத்தாழ்வுதான் இந்தச் சட்டத்தின் பலவீனமான இடம்.

பணம் முழுக்கக் கட்டியபின்

மீதியைக் கட்டியதும் வங்கியின் அங்கீகரிக்கப்பட்ட அதிகாரி விற்பனைச் சான்றிதழ் தருகிறார். தனக்குத் தெரிந்த வில்லங்கம் இருக்கிறதா இல்லையா என்பதை அதில் குறிப்பிட வேண்டும். அதன் நகலை அவர் சார் பதிவாளருக்கு அனுப்ப, பதிவுச் சட்டத்தின் 89(4) பிரிவின்படி அது முதல் புத்தகத்தில் கோக்கப்படும். இந்தச் சான்றிதழைக் கட்டாயமாகப் பதிய வேண்டியதில்லை என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் உறுதி செய்திருக்கிறது. பதிவுக்கென்று கொடுத்தாலோ வேறு காரியத்துக்குப் பயன்படுத்தினாலோ முத்திரைக் கட்டணம் வரும். அது எடுத்தவரின் செலவு.

வரியில் ஒன்று மறந்துபோகும். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால், வாங்குபவரே ஒரு சதவீதம் பிடித்து வருமான வரித்துறையில் கட்ட வேண்டும். நம் 72 லட்சத்துக்கு அது 72 ஆயிரம். யாருடைய பான் எண்ணில் கட்டுவது என்பதை வங்கியிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். பிடிக்காமல் முழுத் தொகையையும் வங்கிக்கே அனுப்பிவிட்டால் பின்னால் நோட்டீஸ் வருவது வங்கிக்கு அல்ல.

தகராறு வந்தால் எங்கே போவது?

உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போட முடியாது. சர்ஃபாசி சட்டத்தின் 34-வது பிரிவு தடுக்கிறது. நேராக உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடுவதையும் நீதிமன்றங்கள் ஊக்குவிப்பதில்லை. முன்பணத்தைப் பறிமுதல் செய்தது வங்கி எடுத்த நடவடிக்கைகளில் ஒன்று என்பதால், அதை எதிர்த்து எடுத்தவர் 17-வது பிரிவில் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குத்தான் போக வேண்டும் என்று 2017 நவம்பரில் அகர்வால் ட்ரேகாம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரையில் தீர்ப்பாயங்கள் இருக்கின்றன. கெடு 45 நாள். அங்கே தோற்றால் 30 நாளில் சென்னையில் உள்ள மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம்.

மனுவோடு வைக்க வேண்டியவை: ஏல அறிவிப்பின் பத்திரிகைப் பக்கம், நிபந்தனைத் தாள், விலை கேட்ட பதிவின் நகல், பணம் அனுப்பிய ரசீதுகள், உறுதிக் கடிதம், அவகாசம் கேட்டு எழுதிய கடிதமும் அதற்கு வங்கி தந்த பதிலும். கடைசியில் சொன்ன இரண்டும் இல்லாமல் வருபவர்கள்தான் அதிகம். 15 நாள் முடிவதற்குள் அவகாசம் கேட்டு ஒரு மின்னஞ்சலாவது அனுப்பியிருந்தால்தான், வங்கி பதிலே தரவில்லை என்ற வாதத்தைத் தீர்ப்பாயத்தில் எடுத்து வைக்க முடியும்.